கொட்டாஞ்சேனைப் பால் வைன்

ஐம்பத்தெட்டு வயது வரை ஒரு சொட்டு மது என் நாக்கில் பட்டதில்லை. பட்ட இடம் கொழும்பு, கொட்டாஞ்சேனை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானேதான் கரண்டியை நீட்டினேன்.

போன காரியம் வேறு. என் மகள் நித்யா, சென்னையில் தான் வேலை பார்க்கிற இடத்தில் ரொஷான் என்றொரு பையனை விரும்பினாள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கத் தமிழ்ப் பையன். தங்கமான பிள்ளை, அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. மாதா கோயிலிலும் கல்யாணம், மண்டபத்தில் தாலியும், அப்புறம் கொழும்பில் குடித்தனமும் என்று அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். பாக்கி இருந்தது ரொஷானின் அம்மா ஸ்டெல்லாவின் சம்மதம் ஒன்றுதான். அப்பா இல்லாத பையன். அம்மா தலையசைக்காமல் மோதிரம் மாற்ற மாட்டேன் என்று நின்றான். அந்த அம்மாவோ போனில் கேட்டால் “பாப்பம்” என்பார். மாதக்கணக்கில் இதே பாப்பம்தான். நித்யா சாப்பாட்டைத் தட்டில் போட்டுப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. “நீயே ஒரு எட்டு போய்ப் பேசிட்டு வந்துடு. ஆனா வாயைக் கொஞ்சம் அடக்கு” என்று சொல்லி அனுப்பினார்.

வாயை அடக்கினேனா என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

தங்கியது வெள்ளவத்தையில், வீட்டுக்காரரின் பழைய பேனா நண்பர் கந்தையா அண்ணன் வீட்டில். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய விபூதி, வெள்ளிக்கிழமை விரதம், வீட்டில் மீன் வாசம்கூடக் கிடையாது. அவர் மனைவி பாக்கியம் அக்கா முதல் நாளே இடியாப்பமும் சொதியும் வைத்தார். மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் குழம்புக்குத்தான் சொதி என்று பெயர். நம் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றி விஷயத்தை முடித்துவிடுவோம். இங்கே அதில் எலுமிச்சை பிழிந்து, வெந்தயம் போட்டு என்னென்னவோ செய்திருந்தார்கள். வெட்கத்தை விட்டு டம்ளரில் வாங்கிக் குடித்தேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்தால் திருச்சி கடைவீதிதான். நகைக்கடை, புடவைக்கடை, பூக்காரி எல்லாம் உண்டு. ஆனால் பக்கத்துச் சந்தில் இறங்கி நடந்தால் தண்டவாளம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல்! கடலையும் ரயிலையும் இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு இவர்கள் எப்படித்தான் ஒழுங்காக ஆபீசுக்குப் போகிறார்களோ தெரியவில்லை. நான் முதல் நாள் சாயங்காலம் முழுவதும் அங்கேயே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். முன்னால் ஒரு சீட் காலியாக இருந்தது, நம் அதிர்ஷ்டம் என்று உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நான் டிக்கெட் கேட்கிறார் என்று காசை நீட்டினேன். அவர் திரும்பச் சொன்னார். நானும் திரும்பக் காசை நீட்டினேன். பின்னால் நின்ற ஒரு பெண் குனிந்து, “ஆன்ட்டி, அது பிக்குமாருக்கு உள்ள சீட். எழும்பச் சொல்றார்” என்றாள். பார்த்தால் காவி உடுத்த ஒரு பெரியவர் படியில் ஏறிக்கொண்டிருந்தார். அடித்துப் பிடித்து எழுந்ததில், கையில் இருந்த பார்சல் ஒருவருடைய மீன் பையில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்து, சிரித்துக்கொண்டே நீட்டினார். புறக்கோட்டையில் இறங்கி ஓட்டோ பிடித்து ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போகும்போது எனக்கே என்மேல் மீன் வாசம் அடித்தது.

அந்தப் பார்சலில் இருந்தது ஒரு பழைய சமையல் புத்தகம். திருச்சியில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. சுதந்திரம் கிடைத்த கொஞ்ச காலத்தில், புதுமணப் பெண்களுக்காக என்று போட்டு, கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றில் அடித்த புத்தகம். கண்ணில் பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது அவர்கள் ஊர்ப் புத்தகத்தையே கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த அம்மா உருகிவிடுவார் என்று நினைத்தேன். மீன் குழம்பு, கேக் பக்கங்களை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிட்டேன். அங்கேதான் வந்தது வினை.

ஸ்டெல்லா நெடுநெடுவென்று இருந்தார். கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். “வாங்கோ மிஸிஸ் சேகர். வெய்யில் கூடத்தானே, இருங்கோ” என்று இஞ்சி தட்டிப் போட்ட பிளேன் டீயும் கேக்கும் வைத்தார். புத்தகத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு மடியில் வைத்துத் திறந்தார். முதுகு உடைந்த புத்தகம், அது தானாகவே கடைசி அத்தியாயத்தில் விரிந்தது. ‘விருந்துப் பானங்கள்.’ முட்டை ஃபிளிப், தம்பிலி கப், இஞ்சி காக்டெயில், பால் வைன். எதை எடுத்தாலும் முதல் வரி ‘ஒரு வைன் கிளாஸ் சாராயம்’ என்றுதான் ஆரம்பித்தது.

சாராயம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? போலீஸ் வந்து பானையை உடைக்கிற சமாச்சாரம். தென்னங்கள்ளில் காய்ச்சி, லேபிள் ஒட்டி, கல்யாண மேஜையில் கௌரவமாக நிற்கிற சரக்குக்கு இங்கே அந்தப் பெயர் என்பது எனக்கு எங்கே தெரியும்? நான் திருதிருவென்று முழித்தேன்.

“எங்கட வீட்டில ஒருத்தரும் குடிக்கிறதில்ல” என்றார் ஸ்டெல்லா. நான் கேட்கவே இல்லை. “ரொஷானும் தொடமாட்டான்.”

“ஐயோ, அதுக்கில்லைங்க…” என்றேன். எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. பேச்சு நின்றால் எனக்கு மூச்சு முட்டும். அதோடு, சொல்லத்தான் வேண்டும், அந்தப் பெயர்களைப் பார்த்ததும் உள்ளே ஒரு குறுகுறுப்பு. நான் முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி டீச்சர். எதையும் எதோடும் கலந்தால் என்ன ஆகும் என்று பார்க்காமல் இருக்க முடியாது. “இதெல்லாம் செஞ்சு பார்க்கலாமாங்க?” என்று கேட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா கண்ணாடியைக் கழற்றினார். “செய்வம். ஏன் செய்யேலாது? நாளைக்கு வாங்கோ” என்றார். அந்தக் குரலில் ஒரு சூடு இருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸே வேண்டாம் என்று ரயில் பிடித்தேன். ஜன்னல் வழியாகக் கடல் தண்ணீர் முகத்தில் தெறித்தது. கண்ணாடியைத் துடைப்பதா, கம்பியைப் பிடிப்பதா என்று தெரியாமல் கோட்டை ஸ்டேஷன் வரை நின்றேன். ஸ்டெல்லா வீட்டில் அவருடைய தம்பி அந்தோனி போத்தலோடு காத்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அன்றைக்கு லீவு. “வைன் ஸ்டோர் கியூவில அக்காவ நிக்க வைக்கேலாதுதானே, அதான் நானே போனனான்” என்றார். தியாகம் செய்கிறவர் முகம் அல்ல அது.

முதலில் முட்டை ஃபிளிப். மஞ்சள் கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, சாராயம் விட்டு, சூடான பாலைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, மேலே சாதிக்காய் துருவ வேண்டும். பச்சை முட்டையைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தோனி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “நல்லா இருக்கு, ஆனா காணாது” என்றார். சரி, வந்தது வந்தோம் என்று ஒரு டீஸ்பூன் எடுத்து வாயில் விட்டேன். முதலில் பாயசம். பாயசம் தொண்டைக்குள் இறங்கினதும் நெருப்பு. கொஞ்ச நேரத்தில் காது மடல் சுட்டது. என் அப்பா மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாரோ என்று பயம் வந்தது, அதோடு இன்னொரு கரண்டி வேண்டும் போலவும் இருந்தது. எடுத்தேன்.

தம்பிலி கப் அதைவிட அருமை. தம்பிலி என்றால் செவ்விளநீர். அதில் கொஞ்சம் சாராயம், தேசிக்காய் என்கிற எலுமிச்சை, நசுக்கின இஞ்சி, ஐஸ். இந்த வெயிலுக்கு இதைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்கலாம். இஞ்சி காக்டெயிலில்தான் மாட்டிக்கொண்டோம். ‘பிட்டர்ஸ் மூன்று துளி’ என்று போட்டிருந்தது. முதல் நாளே குறித்துக்கொண்டு போய்க் கடை கடையாகக் கேட்டேன், அப்படியொன்றும் இல்லை என்றார்கள். கசப்புக்குத்தானே என்று நான் வெள்ளவத்தை நாட்டுமருந்துக் கடையில் நிலவேம்பு வாங்கி, கஷாயம் போட்டுப் பாட்டிலில் கொண்டுவந்திருந்தேன். அந்தோனி ஒரு வாய் குடித்தார். அவர் கண் இரண்டும் கலங்கிவிட்டது. “மிஸிஸ், இது காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிற சாமான். சாராயத்தையும் பழுதாக்கிப் போட்டீங்களே!” என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ஸ்டெல்லா மட்டும் எதையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கரண்டியை எடுக்கும்போதெல்லாம் ஏதாவது சொன்னார். “ரொஷான்ட அப்பா ஹாபர்ல வேல செய்தவர்தான். ஆனா கிறிஸ்மஸுக்கு ஒரு கிளாஸ், அவ்வளவுதான்” என்றார். ஹாபர் என்றால் துறைமுகம். நான் “அப்படிங்களா” என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கிளாஸுக்குள் பார்த்தேன். என்னைப்போல ஒரு மரமண்டையை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

கடைசியாகப் பால் வைன். அன்றைக்கு அதில் பாதி வேலைதான். தேசிக்காயைத் தோலோடு அரிந்து, சீனி, முந்திரிகைவற்றல் என்கிற உலர்ந்த திராட்சை, ஏலம், கராம்பு எல்லாவற்றையும் மிச்சமிருந்த சாராயத்தில் போட்டு ஊறுகாய் ஜாடியில் மூடி வைத்தோம். மறுநாள் காய்ச்சின பால் ஊற்ற வேண்டும். கிளம்பும்போது வாசலில் நின்று, “பிள்ளைங்க விஷயம்…” என்று ஆரம்பித்தேன். “பாப்பம்” என்றார் ஸ்டெல்லா. அன்று ராத்திரி நித்யா போனில், “அம்மா, ஆன்ட்டி என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள். “பேசிக்கிட்டிருக்கோம்டி” என்றேன். அவள் சரி என்று வைத்துவிட்டாள். அந்தச் ‘சரி’யைக் கேட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லாவுக்கு மாதா கோயிலில் நவநாள் ஜெபம். “பாலைக் காய்ச்சி ஊத்திப்போட்டு ஜாடிய மூடி வையுங்கோ மிஸிஸ் சேகர். நான் வந்திட்டுப் பாக்கிறன்” என்று சொல்லி முக்காட்டைப் போட்டுக்கொண்டு போனார். அந்தச் சமையலறையில் நான் மட்டும். இங்கேதான் என் பெண் நின்று சமைக்கப்போகிறாளா, இந்த ஜன்னல் வழியாகத்தான் துறைமுகத்தைப் பார்க்கப்போகிறாளா என்று நினைத்துக்கொண்டே பாலைக் காய்ச்சினேன். பொங்கி வந்தது. நல்ல சகுனம் என்று மனசு குளிர்ந்தது. அப்படியே எடுத்து ஜாடியில் ஊற்றினேன்.

திரிந்துவிட்டது.

கண்ணெதிரே, கட்டி கட்டியாக, தண்ணீர் வேறு பால் வேறாகப் பிரிந்துபோயிற்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணம் பேச வந்த வீட்டில், அடுப்பில் வைத்த பால் என் கையால் திரிவதா! முந்தின நாள் ஃபிளிப்பில் ஊற்றின பால் நன்றாகத்தானே இருந்தது? அந்த அம்மா வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? ‘பாப்பம்’ என்பது ‘வேண்டாம்’ ஆகிவிடாதா? ஜாடியைத் தூக்கி மொத்தத்தையும் தொட்டியில் கவிழ்த்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டேன். அடைத்துக்கொண்ட முந்திரிகைவற்றலை விரலால் நோண்டி எடுத்தேன். ஜாடியைப் பூஜைப் பாத்திரம் மாதிரிப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஸ்டெல்லா வந்தார். “எங்க, ஊத்தியாச்சா?”

“பால் கெட்டுப்போச்சுங்க. கொட்டிட்டேன்.”

“காலம வாங்கின பால்தானே?” என்று மோந்து பார்த்தார். சமையலறை முழுக்கச் சாராயமும் கராம்பும் மணத்தது. புத்தகத்தை எடுத்துக் கண்ணாடியைப் போட்டார். நான் வாசித்த பக்கம் ‘பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றவும்’ என்பதோடு முடிந்திருந்தது. அவர் பக்கத்தைத் திருப்பி, மறுபக்கத்தில் இருந்ததைச் சத்தமாக வாசித்தார். “பால் திரியும். திரியவே வேண்டும். பதற வேண்டாம். மறுநாள் மெல்லிய துணியில் வடித்தால் தெளிந்த பானம் கிடைக்கும். நெடுநாள் கெடாது.”

தேசிக்காய் ஊறினதில் பாலை ஊற்றினால் திரியும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்தப் பாடத்தை முப்பது வருஷம் நடத்தினவள் நான். ஆனால் பெண்ணைப் பெற்றவளுக்கு அந்த நேரத்தில் எந்தப் பாடம் ஞாபகம் வருகிறது? பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

ஸ்டெல்லா பதறிப்போனார். “பால்தானே மிஸிஸ் சேகர்! இதுக்குப் போய் ஆரும் அழுவாங்களா?”

“என் பொண்ணு வாழ வரணும்னு வேண்டிக்கிட்டிருக்கிற வீடுங்க இது. அந்த வீட்டுல என் கையால பால் திரிஞ்சா எனக்கு எப்படி இருக்கும்?”

அவர் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். “அப்ப… உங்களுக்கு இந்தக் கலியாணத்தில விருப்பமா?”

“என்னங்க கேள்வி இது! அதுக்குத்தானே கடல் தாண்டி வந்து, இந்த வயசுல சாராயம் வேற குடிச்சுக்கிட்டு நிக்கறேன்!”

ஸ்டெல்லா முக்காட்டை எடுத்து மடித்தார், திரும்ப விரித்தார், மறுபடி மடித்தார். “ஹாபர்காரர் வீடு எண்டா குடிகாரர் வீடு எண்டுதான் சனம் கதைக்கும். நீங்களும் அப்பிடி நினைப்பீங்க எண்டுதான் போனில பாப்பம் எண்டு சொன்னனான். நீங்க சாராயம் போட்ட புத்தகத்தோட வந்தீங்க. ஒவ்வொண்டா செய்து அந்தோனிக்கு ஊத்திக் குடுத்துப் பாத்தீங்க. வேண்டாம் எண்டு சொல்றதுக்கு இந்த மனுசி சாட்டுத் தேடுது எண்டு நினைச்சன். அதான் பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும் எண்டு விட்டனான். என்ட பிள்ளைய ஆரும் குறைவா நினைக்க நான் விடமாட்டன்.”

“நானா? அடக் கடவுளே!” எனக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் பிடுங்கித் தின்றது. “எனக்குச் சமைச்சுப் பாக்கற பைத்தியங்க. வாங்கும்போது அந்தப் பக்கத்தை நான் படிக்கக்கூட இல்லை, சத்தியமா!”

அவர் சிரிக்கவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை. “நாளைக்குத் திரும்பச் செய்வம்” என்று மட்டும் சொன்னார். வேலை முடிந்து ராத்திரி உள்ளே வந்த அந்தோனிதான் குண்டைப் போட்டார். “எதில செய்யிற? போத்தல் முடிஞ்சுது. இண்டைக்கு இனிக் கடை பூட்டு. நாளைக்குப் போயா.” போயா என்றால் பௌர்ணமி, அன்றைக்கு இந்த ஊரில் எந்தச் சாராயக் கடையும் திறக்காது. வியாழக்கிழமை விடிந்ததும் எனக்கு விமானம்.

புதன்கிழமை காலையில் வெள்ளவத்தையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் அக்கா கிளறிக் கிளறிக் கேட்கவும் நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். பூஜை முடித்து வந்த கந்தையா அண்ணன் கேட்டுக்கொண்டே நின்றார். ஒருமுறை செருமினார். “தங்கச்சி, ஒண்டு சொல்லுவன், குறை நினைக்கப்படாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அரிசி வாளியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. துண்டில் சுற்றின ஒரு போத்தலோடு வந்தார். “மருந்துக்கு வச்சிருந்தனான்.”

“ஓமோம், மருந்துக்கு!” என்றார் பாக்கியம் அக்கா. “பல்லுக் கொதிக்கெண்டு வாங்கினது. உந்தப் பல்லைக் கழட்டி எத்தினை வரியமாச்சு! எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களோ?” அண்ணன் விபூதி நெற்றியைச் சொறிந்துகொண்டே பேப்பரை விரித்துவிட்டார்.

அதை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் போனேன். தெருவெல்லாம் வெள்ளை உடுத்த சனம், கையில் தாமரைப் பூவோடு விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் மட்டும் சாராயப் போத்தலைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போனேன். ஸ்டெல்லா தேசிக்காயை அரிந்து தயாராக வைத்திருந்தார். ராத்திரி முழுக்க ஊற வேண்டும் என்று புத்தகம் சொன்னது. நேரமில்லை, பாதி நாள் ஊறினால் போதும் என்று டீச்சர் அதிகாரத்தோடு அறிவித்தேன். மத்தியானம் ஸ்டெல்லா சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் போட்டார். மாமிசம் வைக்கவில்லை, எனக்காகத்தான் என்று புரிந்தது. நித்யா என்ன சாப்பிடுவாள், காலையில் நேரத்தோடு எழுந்திருப்பாளா, கோபம் வருமா என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். கோபம் வரும், உடனே அடங்கிவிடும் என்றேன். “ரொஷானுக்கு அடங்காது” என்றார்.

சாயங்காலம் பாலைக் காய்ச்சினார். பொங்கினதும் அடுப்பை அணைத்தார். துணி போட்டுச் சட்டியைப் பிடித்துத் தூக்கி, என் பக்கமாக நீட்டினார். “நீங்களே ஊத்துங்கோ.”

“நான் வேண்டாங்க. என் கை…”

“உங்கட கைதான். ஊத்துங்கோ.”

தெரிந்தே பாலைத் திரிய வைக்க எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும்? கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன். திறந்து பார்த்தால் கட்டி கட்டியாக மேலே எழும்பி வந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஜாடிக்குள் குனிந்தார்.

“வடிவாத் திரிஞ்சிட்டுது, சம்பந்தி” என்றார்.